காமாலை வைரஸைப் பிடிக்க இன்னொரு வைரஸா? ஃபேஜ் டிஸ்ப்ளே என்பது என்ன, அது எதுவரை போகும்

"கல்லீரல் வைரஸுக்கு எதிராக ஃபேஜ் டிஸ்ப்ளே தொழில்நுட்பம்" என்று ஒரு வரி செய்தியில் வந்தால், படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். நல்ல வைரஸ் ஒன்றை உடம்புக்குள் விட்டுக் கெட்ட வைரஸைக் கொல்லப்போகிறார்கள் என்பது ஒன்று. மஞ்சள் காமாலைக்கு மருந்து வந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஃபேஜ் டிஸ்ப்ளே மருந்தே அல்ல, மருந்தைத் தேடும் முறை. தேடிக் கிடைக்கும் பொருள்தான் மருந்தாகலாம், ஆகாமலும் போகலாம். இதைப் புரிந்துகொள்ளக் காமாலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

காமாலை நோயின் பெயர் அல்ல

ரத்தச் சிவப்பணுக்கள் வயதாகி உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பித்தத்தோடு வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் சோர்ந்தாலோ, பித்தக்குழாய் அடைத்தாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலோ பிலிருபின் ரத்தத்தில் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும். ஆகவே காமாலை ஓர் அறிகுறிதான். அதன் பின்னால் இருக்கும் வைரஸ்கள் ஒரே குடும்பம்கூட இல்லை.

1. ஹெபடைடிஸ் ஏ, ஈ: அசுத்தமான குடிநீர், உணவு வழியாக வருபவை. வாய்க்காலும் வடிகாலும் குடிநீர்க் குழாயும் அடுத்தடுத்து ஓடும் காவிரி டெல்டாவில், ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் ஒன்றாகக் கலக்கும்போது பயப்பட வேண்டியவை இவை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிருக்கே ஆபத்தாகலாம்.

2. ஹெபடைடிஸ் பி, சி: ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. ஒருவருக்குப் போட்ட ஊசி, சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி இவற்றை இன்னொருவருக்குப் பயன்படுத்துவது, பரிசோதிக்காத ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று வழிகள் பல. இவை உடலில் பல பத்தாண்டுகள் தங்கி ஈரல் சுருக்கத்துக்கும் ஈரல் புற்றுநோய்க்கும் கொண்டுபோய்விடலாம். இவ்வளவு காலமும் கண்ணில் மஞ்சள் தெரியாமலே இருக்கலாம்.

3. ஹெபடைடிஸ் டி: தனியாக வாழத் தெரியாதது. பி இருக்கும் உடம்பில் மட்டும், பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பரவும்.

டெல்டா கிராமங்களில் காமாலை என்றதும் கை போவது வரப்போரக் கீழாநெல்லிக்குத்தான். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் கட்டியிருக்கும் அந்தச் செடியைப் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் கூடாது, புளி கூடாது என்று பத்தியமும் உண்டு. 100 பேர் சாப்பிட்டால் 90 பேருக்கு மேல் குணமாவதும் உண்மை. ஏ, ஈ வகைகள் சாப்பிடாவிட்டாலும் குணமாகியிருக்கும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. சிக்கல், அந்தப் பெயரை வைத்து பி வகைக்காரரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவதில்தான்.

கீழாநெல்லியை விஞ்ஞானம் கண்டுகொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனுடன் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தச் செடியைப் பற்றியதுதான். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு பல இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு சிறிய ஆய்வை நம்பி மருந்து என்று அறிவித்துவிட முடியாது, அவ்வளவுதான். ஃபேஜ் டிஸ்ப்ளே செய்திகளுக்கும் இதே அளவுகோல்தான்.

பி வைரஸ் எங்கே ஒளிகிறது

ஹெபடைடிஸ் பி வைரஸ் 42 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. உள்ளே சுமார் 3,200 எழுத்துகள் கொண்ட சின்ன டி.என்.ஏ. வட்டம். அதைச் சுற்றிக் கருவுறை, அதற்கு மேலே புரதம் பதித்த கொழுப்பு உறை. இந்த வெளி உறைப் புரதத்தைத்தான் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று எழுதுகிறார்கள்.

தொற்று உள்ளவரின் ரத்தத்தில் முழு வைரஸைவிட வெற்று உறைகள்தான் மிக அதிகம். ஒரு முழு வைரஸுக்கு ஆயிரக்கணக்கில், சிலரிடம் லட்சம் வரைகூட, உள்ளே எதுவுமில்லாத உருண்டைகள் மிதக்கும். உடலின் நோய் எதிர்ப்புப் படை அந்தப் போலிகள்மேல் பாய்ந்து பாய்ந்து ஓய்ந்துவிடுகிறது.

ஈரல் செல்லுக்குள் வைரஸ் நுழையும் வழி 2012 வரை பிடிபடாமலே இருந்தது. அந்த ஆண்டு பெய்ஜிங்கில் வென்ஹுய் லியின் குழு அதைக் கண்டுபிடித்தது. பித்த உப்புகளை ஈரல் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் என்.டி.சி.பி. என்ற புரதம்தான் அந்த வாசல். வைரஸின் வெளி உறையில் ப்ரீ-எஸ்1 என்ற பகுதி இந்த வாசலில் சாவி போலப் பொருந்துகிறது.

உள்ளே போன பிறகு நடப்பது இன்னும் மோசம். வைரஸின் டி.என்.ஏ. செல்லின் கருவுக்குள் போய், முழுதாக மூடிய வட்டமாகச் சுருண்டு உட்கார்ந்துகொள்கிறது. சி.சி.சி. டி.என்.ஏ. என்பது அதன் பெயர். இன்று கொடுக்கப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புதிய வைரஸ் உருவாவதை நிறுத்துகின்றன, இந்த வட்டத்தைத் தொடுவதில்லை. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மேலே எத்தனை முறை அறுத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை கோரை திரும்ப முளைக்கும். மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு வைரஸ் திரும்ப வருவது இதனால்தான்.

ஃபேஜ்: சாக்கடையில் பிறந்த கருவி

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். மனித செல்லுக்குள் அதனால் பெருக முடியாது. பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கும். காவிரியிலும் இருக்கிறது, கல்லணைக் கால்வாயிலும் இருக்கிறது, நம் குடலிலும் இருக்கிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் எம்13 ஃபேஜ் முதலில் கிடைத்தது ஜெர்மனியின் மியூனிக் நகரச் சாக்கடைத் தண்ணீரில்.

எம்13 பார்க்க நூல் போல இருக்கும். நீளம் சுமார் 900 நானோமீட்டர், பருமன் ஏழு நானோமீட்டர்கூடச் சரியாக வராது. உடம்பு முழுக்க ஒரே புரதத்தின் 2,700 பிரதிகள் செதில் செதிலாக மூடியிருக்கும். ஒரு நுனியில் மட்டும் மூன்றாம் எண் புரதம் ஐந்து பிரதிகளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஈ.கோலை பாக்டீரியாவை இது பிடித்துக்கொள்வது அந்த நுனியால்தான். பிடித்த பாக்டீரியாவைக் கொல்லாமல், அதன் வளர்ச்சியை மட்டும் கொஞ்சம் மந்தமாக்கி, புதிய ஃபேஜ்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் ஒரு காரியம் செய்தார், அது 1985இல் வெளியானது. இதே இனத்து நூல் ஃபேஜ் ஒன்றின் மூன்றாம் எண் மரபணுவுக்கு நடுவே வேறொரு புரதத்தின் மரபணுத் துண்டைச் செருகினார். அந்த அயல் புரதம் ஃபேஜின் நுனியில் முளைத்து நின்றது. ஆன்டிபாடி என்பது அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம். அந்த அயல் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தூண்டிலாகப் போட்டபோது, சாதாரண ஃபேஜ்களின் கூட்டத்திலிருந்து இந்த ஃபேஜ் ஆயிரம் மடங்குக்கு மேல் செறிவாகப் பிரிந்து வந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், வெளியே தெரியும் புரதமும் அதைச் செய்யச் சொல்லும் மரபணுவும் ஒரே பொட்டலத்தில் இருக்கின்றன. புரதத்தைப் பிடித்தால் அதன் செய்முறைக் குறிப்பும் கையோடு வந்துவிடும். புரதத்தை வெளியே காட்டி நிற்பதால் டிஸ்ப்ளே என்று பெயர்.

அப்புறம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிரெகரி விண்டரின் குழு, ஆன்டிபாடியின் பிடிக்கும் பகுதியையே ஃபேஜின் நுனியில் நிறுத்தியது. 1990இல் அந்த ஆய்வு வெளியானது. ஸ்மித்தும் விண்டரும் 2018ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். மூட்டுவாதத்துக்குப் போடும் அடலிமுமாப் ஊசி இந்த வழியில் வந்தது. 2002இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, முறை புதிதல்ல. கல்லீரல் வைரஸ்களில் அதைக் கொண்டுபோய் எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் இன்னும் வேலை நடக்கிறது.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபேஜ் சிகிச்சை என்பது வேறு. அதில் பாக்டீரியாத் தொற்றுக்கு ஃபேஜையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஃபேஜ் டிஸ்ப்ளேயில் ஃபேஜ் ஆய்வகக் கிண்ணத்தோடு நின்றுவிடும். நோயாளியின் உடம்புக்குள் போவது அது கண்டுபிடித்துக் கொடுத்த ஆன்டிபாடியோ குட்டிப் புரதமோதான். கல்லீரல் வைரஸைத் தாக்கும் ஃபேஜ் என்று ஒன்று கிடையாது.

அரித்து எடுப்பது எப்படி

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் நகைப்பட்டறைத் தெருக்களில் வாசல் மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய், தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டிப் பொன்துகள் அரிப்பவர்களைப் பார்த்திருக்கலாம். மண் ஓடிவிடும், கனமான துகள் அடியில் தங்கும். ஃபேஜ் டிஸ்ப்ளேயின் மையமான வேலையும் இந்த அரிப்புதான். ஆய்வகத்தில் அதற்குச் சொல்லும் பெயரும் பேனிங், அதாவது பொன் அரித்தல்.

1. முதலில் தொகுப்பு. கோடிக்கணக்கான ஃபேஜ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒவ்வொரு விதமான புரதம். புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்கள் ஏழைக் கோத்த குட்டித் துண்டு என்று வைத்துக்கொண்டால், 20 வகை அமினோ அமிலங்களை ஏழு இடங்களில் மாற்றி மாற்றிப் போட 128 கோடி வழிகள் இருக்கின்றன. மனித ஆன்டிபாடித் தொகுப்புகளில் ஆயிரம் கோடி வகைகள்கூட இருக்கும். இவ்வளவும் அடங்கிய குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும்.

2. தூண்டில். பி வைரஸின் ப்ரீ-எஸ்1 துண்டை ஒரு பிளாஸ்டிக் தட்டின் குழியில் ஊற்றி ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்தால் அது அடியில் ஒட்டிக்கொள்ளும். மிச்ச இடத்தைப் பால் புரதத்தால் மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் ஃபேஜ்கள் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

3. கலவையை ஊற்றி ஒரு மணி நேரம் போலக் காத்திருத்தல். பொருந்துகிறவை ஒட்டும்.

4. கழுவுதல். சோப்புத் தன்மையுள்ள உப்புக் கரைசலால் பத்து முறைக்குக் குறையாமல் கழுவுவார்கள். தேர்வின் கூர்மை இதில்தான் இருக்கிறது. மென்மையாகக் கழுவினால் குப்பையும் தங்கும், முரட்டுத்தனமாகக் கழுவினால் நல்லதும் போய்விடும்.

5. ஒட்டியவற்றை அமிலக் கரைசலால் கழற்றி, உடனே அமிலத்தை முறித்து, ஈ.கோலைக்குள் விடுதல். பொன்துகள் தட்டில் பெருகாது, ஃபேஜ் பெருகும். மறுநாள் காலையில் ஆயிரமாக இருந்தது லட்சம் கோடியாக நிற்கும்.

6. திரும்பவும் இரண்டிலிருந்து தொடங்குதல். மூன்று நான்கு சுற்றில் முதலில் கோடியில் ஒன்றாக இருந்தது கூட்டத்தில் பெரும்பான்மையாகிவிடும். அதன் டி.என்.ஏ.வைப் படித்தால் எந்தப் புரதம் என்று தெரிந்துவிடும்.

சுற்றுக்குச் சுற்று அதிகமாகிறது என்பதாலேயே அது நல்லது என்று ஆகிவிடாது. சில ஃபேஜ்கள் இலக்கைப் பிடிப்பதால் அல்ல, மற்றவற்றைவிட வேகமாகப் பெருகுவதால் முன்னுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் ஃபேஜ்கள் என்றே ஒரு கூட்டம் உண்டு. இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது அவற்றைத்தான்.

கல்லீரல் வைரஸ்களில் இதுவரை கிடைத்தவை

ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்த கதையிலேயே ஃபேஜுக்குப் பங்கு உண்டு. 1989இல் மைக்கேல் ஹௌட்டனும் சகாக்களும், தொற்றுள்ள சிம்பன்சியின் ரத்தத்திலிருந்து எடுத்த மரபணுத் துண்டுகளை லாம்டா என்ற வேறொரு ஃபேஜில் ஏற்றி, சுமார் பத்து லட்சம் நகல்களை நோயாளியின் ஆன்டிபாடியால் சலித்தார்கள். உருப்படியாகத் தேறியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலிருந்து வைரஸின் முழு மரபணுவையும் தேடிப் போனார்கள். இது கண்டிப்பாகப் பார்த்தால் ஃபேஜ் டிஸ்ப்ளே அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். ஹௌட்டனுக்கு 2020இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பி வகைக்கு வருவோம். 1995இல் எடின்பரோவில் டைசனும் மர்ரேயும் வைரஸின் கருவுறைப் புரதத்தைத் தூண்டிலாகப் போட்டுச் சில குட்டிப் புரதங்களை அரித்தெடுத்தார்கள். கருவுறையும் வெளி உறையும் ஒன்றோடொன்று இணைவதை அவை தடுத்தன. இணையாவிட்டால் வைரஸ் முழுமையாகாது. யோசனை அழகானது. ஆனால் அந்த இணைப்பு நடப்பது செல்லுக்குள், குட்டிப் புரதம் தானாகச் செல்லுக்குள் நுழையாது. மருந்தாக வளராமல் நின்றுவிடும் கண்டுபிடிப்புகள் பலவற்றுக்கு இந்த இடம்தான் முட்டுக்கட்டை.

இன்று முக்கியமாகத் தெரிவது 2ஹெச்5 என்ற மனித ஆன்டிபாடி. வாசலைக் கண்டுபிடித்த அதே பெய்ஜிங் குழு, ப்ரீ-எஸ்1 துண்டைத் தூண்டிலாக்கி ஃபேஜ் தொகுப்பிலிருந்து இதை எடுத்தது. அதை மேம்படுத்திய வடிவத்தின் விவரங்கள் 2017இல் வெளியாயின. அது இரண்டு வேலை செய்தது. சாவியை மூடிக்கொண்டு வைரஸ் வாசலில் பொருந்தாமல் தடுத்தது. கூடவே, ஆன்டிபாடியின் வால் பகுதி நோய் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிட்டு, ஏற்கெனவே தொற்றிய செல்களைத் தாக்க வைத்தது. பார்த்தது எலிகளில்.

வெற்று உறைகளில் ப்ரீ-எஸ்1 மிகக் குறைவு என்பது இங்கே உதவிக்கு வருகிறது. பொதுவான மேற்பரப்புப் புரதத்தைக் குறிவைத்தால் மருந்தில் பெரும்பங்கு போலிகளிடம் செலவாகிவிடும். சாவியைக் குறிவைத்தால் அந்தச் சேதாரம் குறையும்.

வாசலை அடைப்பது மனிதர்களிடம் பலிக்குமா என்பதற்கும் பதில் உண்டு. ஹெபடைடிஸ் டி நோய்க்காக 2020இல் ஐரோப்பாவில் நிபந்தனையுடன் அனுமதி பெற்ற புலெவிர்டைட் இதைத்தான் செய்கிறது. ஆனால் அது ஃபேஜ் டிஸ்ப்ளேயில் கிடைத்ததல்ல, ப்ரீ-எஸ்1 பகுதியையே 47 அமினோ அமிலங்களில் நகலெடுத்த கள்ளச்சாவி. இரண்டையும் ஒரே செய்தியில் போட்டுக் குழப்பாமல் இருந்தால் நல்லது.

சி வகையில் 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நாள்பட்ட தொற்றுள்ள ஒருவரின் ஆன்டிபாடி மரபணுக்களிலிருந்து ஃபேஜ் தொகுப்பு செய்து, வைரஸின் பல வகைகளையும் முடக்கும் ஆன்டிபாடிகளை எடுத்தார்கள். ஆனால் சி வகையை 12 வார மாத்திரையிலேயே 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாக்க முடிகிறது. அதனால் இந்த ஆன்டிபாடிகளின் மதிப்பு சிகிச்சையைவிடத் தடுப்பூசி வடிவமைப்பில்தான். சி வகைக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. வைரஸ் உருமாறினாலும் மாறாமல் இருக்கும் இடம் எது என்று இவை காட்டிக்கொடுக்கின்றன.

எங்கே முட்டி நிற்கிறது

1. ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே வேலை செய்வது. சி.சி.சி. டி.என்.ஏ. செல்லின் கருவுக்குள் இருப்பது. மதகை அடைத்தால் புதுத் தண்ணீர் வராது, வயலில் ஏற்கெனவே நிற்கிற தண்ணீர் தானாக வடியாது. வாசலை அடைத்து வைத்துக்கொண்டு, தொற்றிய செல்கள் மடிந்து புதிய செல்கள் வரும்வரை காத்திருக்கலாம் என்பது கணக்கு. அது எத்தனை ஆண்டு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

2. வைரஸின் துண்டுகள் மனித டி.என்.ஏ.விலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. வைரஸ் பெருகாதபோதும் அங்கிருந்து மேற்பரப்புப் புரதம் வந்துகொண்டிருக்கும். வாசலை அடைப்பது இதைத் தொடவே தொடாது.

3. தட்டில் ஒட்டிய புரதத்துக்கும் உடம்பில் மிதக்கும் வைரஸுக்கும் வடிவ வித்தியாசம் இருக்கலாம். தட்டில் ஜெயித்தது ரத்தத்தில் தோற்கலாம்.

4. விலை. ஆன்டிபாடி என்றால் ஊசி, குளிர்பதனம், பெரிய உற்பத்திக்கூடம். டெனோஃபோவிர் ஒரு மாத்திரை, தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். அதைவிடக் கூடுதலாக என்ன தரும் என்று நிரூபித்தால்தான் ஆன்டிபாடிக்கு இடம்.

என் கணிப்பில், பி வகையில் ஃபேஜ் டிஸ்ப்ளே தரப்போவது ஒற்றை மருந்தாக இருக்காது. மாத்திரை பெருக்கத்தை நிறுத்த, ஆன்டிபாடி வாசலை அடைக்க, மூன்றாவதாக ஒன்று நோய் எதிர்ப்பைத் தட்டியெழுப்ப என்று கூட்டு மருந்தில் ஒரு பங்காகவே வரும்.

அதுவரை டெல்டாவில் இருப்பவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் 100க்கு சுமார் 90 பேருக்கு அது நிரந்தரமாகிவிடுகிறது. பெரியவர்களாகித் தொற்றினால் 100க்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்குகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான். 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் ஹெபடைடிஸ் பி சேர்ந்திருக்கிறது. நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், அந்த ஊசியைத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும்.

அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் இந்த ஊசி எதையும் போட்டிருக்க மாட்டார்கள். இன்று நடவுக்கும் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போகிற வயதினரில் பெரும்பகுதி அவர்கள்தான். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனைக்குத் தேவை விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், முடிவு வர கால்மணி நேரம், அரை மணி நேரம். இல்லை என்று வந்தால் மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இருக்கிறது என்று வந்தால் அடுத்து வைரஸ் அளவும் ஈரலின் நிலையும் பார்க்க வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை வேண்டும். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் மாத்திரை தொடங்கியவர், கீழாநெல்லி ஆரம்பித்துவிட்டேன் என்று தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில மாதங்களில் வைரஸ் வெடித்துக் கிளம்பி ஈரல் ஒரேயடியாகச் செயலிழந்தவர்கள் உண்டு.